வியாழக்கிழமை அறையைப் பூட்டிய கடிதம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பொன்னம்பலம் அவர்களே, செயற்குழு அன்பர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாமதேவன் அவர்களே, அரபு நாட்டு ஹலப் நகரத்தில் பிறந்து இன்று நம் துக்கத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் இசைக் கலைஞர் நஜீப் அவர்களே, நம் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் கடையைச் சாத்திவிட்டும், புறநகர்களான கூசேன்வில்லிலிருந்தும் ஓல்னேயிலிருந்தும் ரயிலேறியும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் லூர்துசாமி. புதுச்சேரிக்காரன். முப்பத்தொரு வருடம் பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் பாதிப் பேருக்கு மேல் என்னைத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலைகளில் ஸ்டாலின்கிராட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, விசாவுக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை, இருந்தது.

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்க மாட்டேன். தலைவர் சீட்டுக் கொடுத்தனுப்பினாலும் முடிக்க மாட்டேன்.

எனக்குப் பின்னால் தொங்குகிற பதாகையைப் பாருங்கள். "இசை மருத்துவத் திலகம் திருமதி மிருணாளினி வாமதேவன்" என்று பொன்னெழுத்தில் அடித்திருக்கிறார்கள். திலகம்! இந்தப் பட்டத்தை எப்போது கொடுத்தீர்கள்? போன வாரம், அச்சகத்தில்! அவர் உயிரோடு நடமாடியபோது இந்தச் சங்கத்தில் அவருக்கு இருந்த பட்டம் என்ன? யாராவது எழுந்து சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். நான் சொல்கிறேன். "அரபிக்காரி." தேநீர்க் கடையில் என் மேசைக்குப் பக்கத்திலேயே சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தேன்.

அந்த அரபிக்காரி யார் என்பதை இன்றைக்காவது தெரிந்துகொள்ளுங்கள்.

மிருணாளினி பத்தொன்பது வருடம் வடக்குப் புறநகரில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் உதவித் தாதியாக வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், பேச்சை இழந்தவர்கள் வந்து சேருகிற இடம் அது. அங்கே அல்ஜீரியாவிலிருந்து வந்து நாற்பது வருடம் கட்டட வேலை செய்த ஒரு கிழவர் இருந்தார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துப் பேச்சே போய்விட்டது. தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் மிருணாளினி அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் ஒரு பாட்டை முனகினார். முனகியதோடு நிற்கவில்லை, இரண்டு சொல்லும் பாட்டோடு வந்துவிட்டது. பேச வராதவருக்குப் பாட வந்தது!

வேறொருவராக இருந்தால் "பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. ஏன், எப்படி என்று மருத்துவர்களைத் துளைத்தெடுத்தார். நாற்பத்தொன்பது வயதில் வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் இசை மருத்துவத்தில் பட்டயம் வாங்கினார். அதே மருத்துவமனையில் தன் மாமனைப் பார்க்க வந்து, படுக்கையருகே வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த நஜீபைப் பிடித்துக்கொண்டார். நஜீப் வாசிப்பது ஊத். வயிறு பருத்த, கழுத்து பின்னால் மடிந்த நரம்பு வாத்தியம். மகாம் என்று சொல்லும் அரபு இசையையும் ஊத் வாசிப்பையும் அவரிடம் ஆறு வருடம் படித்தார்.

இந்த இசை மூளையில் என்ன செய்கிறது? நானும் அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவர் வாயால் சொன்னபடியே சொல்கிறேன். "ஐயா, B லைன் ரயில் நிண்டுபோனால் நீங்கள் வீட்டை போகாமல் விடுறீங்களோ? பஸ்ஸிலை சுத்தியெண்டாலும் போறீங்கள்தானே. பேச்சு வாற பாதை அநேகமா மூளையின்ரை இடப்பக்கம். அது உடைஞ்சு போச்சு. பாட்டுக்கு ரெண்டு பக்கத்தாலையும் பாதை இருக்கு. சொல்லைப் பாட்டிலை ஏத்திவிட்டால் அது சுத்தி வந்து இறங்கும்." இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியர் சொல்வார்?

தாளமில்லாமல் மெதுவாக விரியும் வாசிப்பு மகாம் இசையில் ஒன்று உண்டு. அதைக் கேட்கக் கேட்க மூச்சு நிதானப்படுகிறது, பிடித்து வைத்த தோள் இறங்குகிறது என்று தன் குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருக்கிறார். அதே வேளை பொய் சொல்ல மாட்டார். மருத்துவமனையில் சிலருக்கு மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நான் ஆர்வத்தில் "நிரூபணமாகிவிட்டதா?" என்றேன். என்மேல் எரிந்து விழுந்தார். "நாலு பேரிலைதான் படம் எடுத்தது ஐயா. நாலு பேரை வைச்சு உலகத்துக்குச் சொல்லேலாது. அற்புதம் கிற்புதம் எண்டு வெளியிலை கதைச்சுப்போடாதேங்கோ" என்றார். தான் செய்யும் வேலையைப் பற்றியே மிகைப்படுத்திச் சொல்ல மறுத்த பெண் அவர். அவரைப் பற்றித்தான் நாம் வாய் கூசாமல் பொய் சொன்னோம்.

சரி, தமிழனுக்கு ஏன் அரபுப் பாட்டு? நம்மிடம் இசை இல்லையா, தேவாரம் இல்லையா, சினிமாப் பாட்டு இல்லையா? இந்தக் கேள்வியை இந்த மண்டபத்திலேயே பல பேர் கேட்டீர்கள். அவரிடம் கேட்கவில்லை, உங்களுக்குள் கேட்டுக்கொண்டீர்கள். பதிலை மூன்றாவது வரிசையில் பாருங்கள். கோகிலன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவர் மனைவி சிவரஞ்சினி. இரண்டு பேரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

கோகிலன் வன்னிப் போரில் தலையின் இடப்பக்கத்தில் செல், அதாவது எறிகணைத் துண்டு பட்டவர். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் வராது. இந்த லா சப்பலில் ஒரு உணவகத்தில் பத்து வருடமாகப் பாத்திரம் கழுவுகிறார். அவரோடு வேலை செய்கிறவர்களுக்கு அவர் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. மிருணாளினி முதலில் அவருக்குத் தமிழ்ப் பாட்டைத்தான் பாடிக் காட்டினார். இரண்டாவது அடிக்குள் மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். பிறகு சிவரஞ்சினி காரணத்தைச் சொன்னார். செல் விழுந்தபோது பதுங்குகுழியில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அந்தக் குழிக்குள் போன ஐந்து பேரில் வெளியே வந்தவர் இவர் ஒருவர்தான். அன்றிலிருந்து எந்தத் தமிழ்ப் பாட்டும் அவரை அந்தக் குழிக்குள்தான் கொண்டுபோய் இறக்குகிறது.

நமக்குத் தமிழ்ப் பாட்டு சுகம். கோகிலனுக்கு அது செல்லடி. இதை யோசித்துப் பார்க்க நம்மில் யாருக்காவது புத்தி இருந்ததா?

மிருணாளினிக்கு இருந்தது. நஜீபை அழைத்து ஊத் வாசிக்கச் சொன்னார். அரபு இசையில் ஹிஜாஸ்கார் என்று ஒரு மகாம், நம் ராகம் போல. குழைவும் இழைப்பும் நம் காதுக்குப் பழகியது போலவே இருக்கும், ஆனால் நினைவைக் கிளறுகிற ஒரு சொல் கிடையாது, ஒரு ஊர் கிடையாது. கோகிலன் காதைப் பொத்தவில்லை. உட்கார்ந்து கேட்டார். அரை மணி நேரம் கழித்துத் தூங்கிவிட்டார். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து இந்த மனுசன் பகலிலை கண் மூடி நான் பாத்ததில்லை" என்று சிவரஞ்சினி என்னிடம் சொன்னார்.

அப்படித்தான் வியாழக்கிழமை அறை தொடங்கியது. நம் சங்க அலுவலகத்துக்கு அடுத்த அறை. நகரசபை கொடுத்தது. வியாழன் தோறும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. பத்து நோயாளிகள், நஜீப், மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சியாளர் ஆரெலி. மிருணாளினி ஒரு சொல்லை எடுத்து, அந்த மகாமின் நாலு சுரத்தில் ஏற்றி, கோகிலனின் இடது கையை ஒவ்வோர் அசைக்கும் மேசையில் மெல்லத் தட்டித் தட்டிப் பாடுவார். தண்-ணி. வலி. வே-ணாம். பதினான்கு மாதத்தில் நாற்பத்தொரு சொல். நாற்பத்தொன்றாவது சொல் அவர் மகளின் பெயர். அந்தப் பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. தகப்பன் தன் பெயரைச் சொல்லி முதல் தடவையாக அன்றுதான் கேட்டது.

அந்த அறையைத்தான் மூடினோம்! மூடியது நகரசபை என்று யாரும் தப்பிக்க வேண்டாம். மூட வைத்தது நாம்.

போன வருடம் மார்ச் மாதம். தலைவர் பொன்னம்பலமும் இன்னும் இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். "ஐயா, ஒரு சின்னக் கடிதம். வியாழக்கிழமைகளிலை பக்கத்து அறைக்குள்ளை அரபியிலை ஓதுகினம். நாளைக்குப் பொலிஸ் கிலிஸ் எண்டு வந்தால் எங்கட சங்கத்தின்ரை பேரும் சேர்ந்து நாறும்" என்றார் தலைவர். "உள்ளே போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "பாக்கத் தேவையில்லை ஐயா, சுவருக்கு இஞ்சாலை கேக்குதுதானே" என்றார்.

சுவருக்கு இஞ்சாலை என்ன கேட்டது தெரியுமா, தலைவர் அவர்களே? ஹிஜாஸ்கார். அதே அறையில் சனிக்கிழமை காலையில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சரளி வரிசை பாடினார்களே, மாயாமாளவகௌளையில்! அந்த ஏழு சுரமும் இந்த ஏழு சுரமும் ஒன்று. ஒரு மயிரிழை வித்தியாசம் என்று மிருணாளினி சொல்வார். சனிக்கிழமை பாடினால் நம் பண்பாடு. நீங்கள் கைத்தட்டிப் பரிசு கொடுத்தீர்கள். அதையே வியாழக்கிழமை ஊத்தில் வாசித்தால் பொலிஸ் வந்துவிடும் என்று பயந்தீர்கள். வெட்கமாக இல்லையா நமக்கு?

உங்களைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. உங்களில் யாரும் செய்யாத அயோக்கியத்தனத்தைச் செய்தவன் நான். தலைவர் சொன்னது "அரபிப் பாட்டு" என்று. அதை அப்படியே எழுதினால் எந்த அதிகாரியும் அசைய மாட்டான் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன் அல்லவா? பொது அறையில் மத வழிபாடு நடக்கிறது என்று எழுதினால், அரசையும் மதத்தையும் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருக்கும் இந்த நாட்டில் மறுவாரமே பூட்டு விழும். ஆகவே "மத வழிபாடு" என்று எழுதினேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு. கேட்டவர் கேட்ட வேலை நடக்க வேண்டும், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். எழுதி முடித்துவிட்டு நடை நன்றாக வந்திருக்கிறது என்று இன்னொரு தடவை வாசித்து ரசித்தேன்.

பிறகு கையெழுத்து. சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில், மதியம் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றீர்களே, அந்த வரிசையில், சங்க விஷயமாக நகரசபைக்கு ஒரு கடிதம் என்று மட்டும் சொல்லித் தாளைச் சுற்ற விட்டார்கள். நாற்பத்தேழு பேர் போட்டீர்கள். வாசித்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. பிரெஞ்சுத் தாள், யார் வாசிப்பது? "லூர்து ஐயா எழுதினதெண்டால் சரியாத்தான் இருக்கும்." இதைச் சொல்லித்தான் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் போட்டீர்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் பேனா.

இரண்டு வாரம் கழித்து அறைக்குப் பூட்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு முதல் ஆளாக வந்தவர் சிவரஞ்சினி. "ஐயா, ஆரோ பொய்க் கடிதம் எழுதிக் குடுத்து அறையை மூடிப்போட்டினம். இவர் மூண்டு நாளா வாயே திறக்கேல்லை. திருப்பித் திறக்கச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. எழுதினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

சபையோரே, அந்த நாற்பத்தேழு கையெழுத்தில் பதினெட்டாவது சிவரஞ்சினியுடையது! கட்டிய கணவனை வாய் திறக்க வைத்த அறையை மூடச் சொல்லும் தாளில், என் எழுத்தை நம்பி, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் "விசாரித்துப் பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, மூடச் சொன்ன அதே பேனாவால் திறக்கச் சொல்லியும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இதைவிடக் கேவலம் உண்டா? பத்து நாளுக்கு முன்புதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "கூட்டத்திலை சொல்லுங்கோ ஐயா, என்ரை பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

மிருணாளினி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனே நான்தானே, என் நடை தெரியாதா? தேநீர்க் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். "உங்கட பிரெஞ்சு நல்லாயிருந்தது ஐயா. ஒரு பிழையும் இல்லை. பொய் ஒண்டுதான் இருந்தது" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. "ஒருக்கா வந்து இருந்து பாருங்கோ" என்று ஓல்னே விலாசம் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

போனேன். அறை போன பிறகு அவர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். கூசேன்வில், ஓல்னே, இன்னும் எங்கெங்கோ. மருத்துவமனை வேலை முடிந்ததும் ஊத் வாத்தியத்தை முதுகில் மாட்டிக்கொண்டு ரயிலேறுவார். ஓல்னேயில் கோகிலன் வீடு ஆறாவது மாடி. மின்தூக்கி பழுது. நான் நாலாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார், வாத்தியத்தை இறக்கி வைக்காமல். வாரம் ஒரு தடவை கிடைத்த பயிற்சி இப்போது மாதம் ஒரு தடவை. நாற்பத்தொரு சொல் பத்தொன்பதாகிவிட்டிருந்தது. அன்றைக்கு அவர் கோகிலனின் கையைப் பிடித்துத் தட்டித் தட்டி மகள் பெயரை மீட்க முக்கால் மணி நேரம் போராடியதைப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அதன் பிறகும் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமை மேசை முக்கியமாக இருந்தது. லூர்து ஐயா என்று நீங்கள் கூப்பிடுவது முக்கியமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு அதே வீட்டு மாடிப்படியில், ஐந்தாவது மாடித் திருப்பத்தில் மிருணாளினி விழுந்தார். ஐம்பத்தெட்டு வயது. இதயம் என்றார்கள் மருத்துவர்கள். நம் கடிதம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்காத மிகைப்படுத்தல் அது. ஆனால் வியாழக்கிழமை அறை தரைத்தளத்தில் இருந்தது. அதற்குப் படிக்கட்டே கிடையாது. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாமதேவன் அவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அதனால் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நிரலைப் பார்க்கிறேன். என் பேச்சுக்கு அடுத்து "ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்று போட்டிருக்கிறது. மௌனமா? யாருக்கு மௌனம்? வாய் அடைத்துப் போனவர்களைப் பேச வைக்கவே வாழ்ந்த பெண்ணுக்கு மௌனத்தால் அஞ்சலியா? பதினைந்து மாதமாக நாம் கடைப்பிடித்த மௌனம் போதாதா? அதற்கு அடுத்து "அன்னாரின் பணியைத் தொடர்வோம் எனச் சபையோர் உறுதிமொழி". வாயால் எத்தனை உறுதிமொழி எடுத்தவர்கள் நாம்! அதெல்லாம் வேண்டாம். காரியம் ஒன்று இருக்கிறது, சின்னக் காரியம்.

நாளைக் காலை பத்து மணிக்கு நகரசபையில் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். புகாரில் கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேல் எழுத்தில் திரும்பப் பெற்றால் வியாழக்கிழமையே அறை திறக்கும். நஜீப் வரத் தயார். ஆரெலி வரத் தயார். திரும்பப் பெறாவிட்டால் அறை வேறு சங்கத்துக்குப் போகிறது, போனால் போனதுதான். இருபத்து நாலு பேர் வேண்டும். அந்த நாற்பத்தேழில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். முகம் தெரிகிறது எனக்கு.

கடிதத்தை எழுதி வந்திருக்கிறேன். இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் தமிழ். மூன்றே வரி. "அந்த அறையில் மத வழிபாடு எதுவும் நடக்கவில்லை. அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. நாங்கள் பார்க்காமலும் வாசிக்காமலும் பொய்ப் புகாரில் கையெழுத்திட்டோம்." இதுதான். நடை நன்றாக இல்லை. இருக்கட்டும்.

முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது சிவரஞ்சினியுடையது, இந்தத் தடவை அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் வைத்தார். மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வாசிக்காமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. என்னை நம்பி ஒருவரும் வைக்கக் கூடாது.

பொன்னம்பலம் அவர்களே, எழுந்திருங்கள். கோகிலன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கி இங்கே இருக்கிறது, தாள் இங்கே இருக்கிறது. வந்து சத்தமாக வாசியுங்கள்.